வெளுத்த பீடிங்கும் விறைத்த ரப்பரும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

காரின் கதவு ரப்பர், பீடிங் எனப்படும் ஜன்னலோரக் கறுப்புப் பட்டை, பம்பரின் கறுப்புப் பகுதி ஆகியவை வெளுத்துப்போவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரே காரை ஓட்டி வருகிறேன். பெயின்ட் இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே ஓடும் கறுப்புப் பட்டைகள், கதவைச் சுற்றியுள்ள ரப்பர், பம்பரின் கறுப்புப் பகுதி எல்லாமே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. டீசலைத் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்கிறார் ஒருவர்; ஷூ பாலிஷ் போடச் சொல்கிறார் இன்னொருவர்; சமையல் எண்ணெயே போதும் என்கிறார் வீட்டுப் பெரியவர். எதைத் தடவலாம்?

பதில்: எதைத் தடவுவது என்று முடிவு செய்யும் முன், எதன் மேல் தடவப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றும் பார்வைக்கு ஒரே கறுப்பாக இருந்தாலும், அவற்றின் பொருள் வேறு வேறு. கதவைச் சுற்றி ஓடும், விரலால் அழுத்தினால் அமுங்கும் உப்பலான ரப்பர், இன்றைய கார்களில் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பரால் ஆனது. பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரங்களின் மேல்வளைவு, வைப்பர்களுக்கு அடியில் இருக்கும் மூடி ஆகியவற்றில் ரப்பரே கிடையாது. அவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக். ஜன்னல் கண்ணாடியை உரசியபடி வெளியே ஓடும் பட்டை இரண்டும் சேர்ந்த ஒன்று: உடல் பிளாஸ்டிக்காகவோ உலோகமாகவோ இருக்கும், கண்ணாடியைத் தொடும் ஓரத்தில் மட்டும் மெல்லிய ரப்பர் உதடு இருக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

இவை ஏன் வெளுக்கின்றன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இவற்றுக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது கார்பன் கறுப்பு என்ற நுண்தூள்; அது வெயிலில் நிறம் இழப்பதில்லை, மாறாகப் புற ஊதாக் கதிரைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பொருளைக் காப்பதும் அதுதான். ஆனால் அந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வெயிலாலும் காற்றின் ஆக்சிஜனாலும் மேற்பரப்பில் மட்டும் சிதையத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகி, வழவழப்பாக இருந்த மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பில் படும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால்தான் கறுப்பு நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. உலர்ந்த கருங்கல் மழையில் நனைந்ததும் கருகருவென்று ஆவதும், காய்ந்ததும் மீண்டும் வெளிறுவதும் இதே காரணத்தால்தான்.

இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். சுத்தமாகக் கழுவிக் காய்ந்த பட்டையின் மேல் ஈர விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஆழ்ந்த கறுப்பாகி, காய்ந்ததும் மறைந்தால், சிதைவு மேற்பரப்போடு நின்றிருக்கிறது என்று பொருள். தகுந்த பூச்சு அந்த நுண்வெடிப்புகளை நிரப்பி நிறத்தைத் திருப்பித் தந்துவிடும். நனைத்தும் கறுக்காமல் சுண்ணாம்பு தடவியதுபோல் திட்டுத்திட்டாக நின்றால், அது பழைய வேக்ஸ், கடின நீர் விட்டுச்சென்ற உப்பு, அல்லது ஊறிப்போன அழுக்கு. அதை முதலில் அகற்ற வேண்டும். நனைத்தால் வெடிப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்து, அவற்றுக்குள் நகம் இறங்குகிறது என்றால், எந்தப் பூச்சும் அதை மீட்காது.

இனி உங்களுக்குக் கிடைத்த யோசனைகளுக்கு வருகிறேன். டீசல் வேண்டவே வேண்டாம். ஈ.பி.டி.எம். ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நீரையும் மிக நன்றாகத் தாங்கும். அதனால்தான் 1960களில் விற்பனைக்கு வந்த இந்த ரப்பர் கார் கதவுகளில் இவ்வளவு பரவலாக இடம்பிடித்தது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய்கள் அதன் பலவீனம். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், பெட்ரோலியம் ஜெல்லி ஆகிய எல்லாமே அதற்குள் ஊறி, அதை உப்ப வைத்து, பலத்தைக் குறைத்துவிடும். என்னுடைய முந்தைய காரில் இதை நேராகப் பார்த்தேன். சர்வீஸுக்கு விட்ட ஓரிடத்தில் கதவு ரப்பர்களை டீசல் துணியால் துடைத்து அனுப்பியிருந்தார்கள். வாங்கி வந்த அன்று புதிதுபோல் மின்னியது. ஒவ்வொரு சர்வீஸிலும் அது தொடர, ஒரு கட்டத்தில் கதவின் அடிப்பக்க ரப்பர் நீண்டு, அலை அலையாக எழும்பி, தான் உட்கார வேண்டிய விளிம்பை விட்டு வெளியே வந்துவிட்டது. திரும்ப அழுத்தி வைத்தாலும் நிற்கவில்லை. இடத்தைவிட ரப்பர் பெரிதாகிவிட்டால் எப்படி நிற்கும்? கடைசியில் மாற்றத்தான் வேண்டியிருந்தது. நல்ல நிலையில் இருந்த ஒரு பொருளைப் பளபளப்புக்காகக் கெடுத்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஷூ பாலிஷில் நிறத்தோடு கரைப்பானும் இருக்கிறது. ரப்பருக்கு அது ஆகாது, ஏறி இறங்குபவரின் உடையிலும் ஒட்டும். சமையல் எண்ணெய் உடனடியாகக் கெடுதல் செய்யாவிட்டாலும், சில நாட்களில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தூசியும் எண்ணெயும் சேர்ந்த பசை, கதவு மூடும்போதெல்லாம் பெயின்ட்டை உப்புத்தாள்போல் தேய்க்கும்.

கதவு ரப்பருக்கு ஏற்றது சிலிக்கோன் சார்ந்த பூச்சு. பெட்ரோலியக் கரைப்பான் கலக்காத, நீரை அடிப்படையாகக் கொண்ட திரவமாகவோ, கெட்டியான சிலிக்கோன் கிரீஸாகவோ அது இருக்கலாம். வெளிப்புற பிளாஸ்டிக்குக்கு அதே திரவம் சில வாரங்கள் நிறம் தரும். நீண்ட நாள் நிற்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக்குக்கென்றே வரும், காய்ந்து இறுகும் பூச்சு வேண்டும். டப்பாவின் பின்புறத்தில் ‘பெட்ரோலியம் டிஸ்டிலேட்’ என்று அச்சிட்டிருந்தால் அதைக் கதவு ரப்பர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: கதவு ரப்பரைச் சுத்தம் செய்யும் சரியான முறையைப் படிப்படியாகச் சொல்வீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பிய வாசகிக்கு என் நன்றி. பூச்சைப் பற்றிக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால், சுத்தம் செய்வதைப் பற்றிக் கேட்பவர் ஒருவர்தான். உண்மையில் ரப்பரின் ஆயுளில் பெரும்பங்கு சுத்தத்தில்தான் இருக்கிறது.

கதவைத் திறந்து, ரப்பரின் உப்பலான பகுதியை ஒரு கையால் மெல்ல ஒதுக்கி, அதன் அடி மடிப்பைப் பாருங்கள். வெளியே வெறும் தூசிதான் தெரியும். மடிப்புக்குள் மணல், காய்ந்த இலைத் துணுக்கு, பழைய ஷாம்பூவின் வெள்ளைக் கறை, சில கார்களில் பச்சைப் பாசிகூட இருக்கும். ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் அந்த மணல் ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கி இரண்டையும் அரைக்கிறது. கதவுச் சட்டத்தில் ரப்பர் படும் இடத்தில் மட்டும் பெயின்ட் மங்கிப்போய் ஒரு கோடு விழுந்திருந்தால், அது இந்த மணலின் வேலை.

நிழலில், உலோகம் தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். முதலில் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மடிப்பிலுள்ள மணலைத் தட்டி எடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஈரத்துணியைப் போட்டால் மணல் சேறாகி இன்னும் உள்ளே போய்விடும். பிறகு, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு கார் ஷாம்பூ கலந்து, துணியைப் பிழிந்து, ஒரு சாண் நீளம் துடைத்தவுடன் துணியைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் அடுத்த சாணைத் துடையுங்கள். முதல் சுற்றில் துணி கறுப்பாக வரும்; அதைக் கண்டு ரப்பரே கரைகிறது என்று பயப்பட வேண்டாம், அழுக்கோடு சிதைந்த மேற்படலமும் சேர்ந்து வருவதுதான் அது. மூன்றாவது, நான்காவது சுற்றில் துணி ஏறக்குறைய வெளுப்பாக வரத் தொடங்கும். அங்கே நிறுத்திவிடலாம். முழுக்க வெளுப்பாக வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தால் நல்ல ரப்பரையும் தேய்க்கிறோம் என்று அர்த்தம். பாசியோ பழைய எண்ணெய்ப் பிசுக்கோ ஷாம்பூவுக்கு அசையாவிட்டால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு நீரில் கலந்து துணியில் தொட்டுத் துடைக்கலாம், ஈ.பி.டி.எம். அதைத் தாங்கும். தின்னரும் பெட்ரோலும் கூடவே கூடாது.

சுத்தம் செய்த பிறகு ரப்பர் முழுக்கக் காய வேண்டும். மடிப்புக்குள் ஈரம் இருக்கும்போதே பூச்சைப் போட்டால் அது சீராகப் பிடிக்காது. ஆகவே உலர்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்தபடி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு சிலிக்கோன் திரவத்தைத் துண்டு ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவுங்கள். ரப்பரின் மேல் நேராக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. காற்றில் பறக்கும் சிலிக்கோன் துளி பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் படியும். பிற்காலத்தில் அந்த இடத்தில் பெயின்ட் அடிக்க நேர்ந்தால், சிலிக்கோன் பட்ட இடத்தில் புதுப் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகி நிற்கும். பெயின்ட்டர்கள் சிலிக்கோன் என்றாலே முகம் சுளிப்பது அதனால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை உலர்துணியால் துடைத்தெடுங்கள். விரலால் தொட்டால் வழுக்க வேண்டும், ஆனால் விரலில் எதுவும் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான அளவு.

வெயிலிலேயே நிற்கும் காருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நிழலில் நிற்கும் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் செய்தால் போதுமானது என்பது என் அனுபவம். மடிப்பிலுள்ள மணலை மட்டும் ஒவ்வொரு முறை காரைக் கழுவும்போதும் எடுத்துவிடுங்கள்.

கடும் குளிர் நிலவும் இடங்களில் வாழும் வாசகர்கள் குளிர்காலம் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. ரப்பரில் தங்கிய ஈரம் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் ரப்பர் கிழிந்துவிடும். மெல்லிய சிலிக்கோன் படலம் இருந்தால் ஈரம் அங்கே நிற்பதில்லை.

கேள்வி: ஹீட் கன் கொண்டு சூடு காட்டினால் பம்பரின் சாம்பல் நிறப் பகுதி நொடியில் கறுப்பாகிறதே, அது நல்ல முறையா? வேக்ஸ் பட்டு வெள்ளையாகிப்போன இடங்களை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: கறுப்பாவது உண்மைதான். சூட்டில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு இளகி, நுண்வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் பாலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும் பொருள். ஹீட் கன்னோ 500 டிகிரி அளவுக்கு அனல் வீசக்கூடியது. கை ஓரிடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் அந்த இடத்தின் புள்ளிப்புள்ளியான வேலைப்பாடு அழிந்து, வழவழவென்று ஒரு திட்டு விழுந்துவிடும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. பக்கத்திலுள்ள பெயின்ட்டும் கொப்பளிக்கலாம். இவ்வளவு ஆபத்தையும் தாண்டிச் சரியாகச் செய்தாலும், புதிதாக எந்தப் பாதுகாப்பும் சேராததால் சில மாதங்களில் மீண்டும் வெளுக்கும். அடுத்தடுத்த முறை பலனும் குறைந்துகொண்டே வரும். ரப்பரின் மேல் ஹீட் கன்னைக் காட்டவே கூடாது. நான் இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேக்ஸ் கறைக்கு எளிய வழி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மென்மையான பென்சில் அழிரப்பரை எடுத்துக் கறையின் மேல் தேய்த்தால், குழிகளில் காய்ந்திருக்கும் வேக்ஸ் துகள்களாக உருண்டு வரும். மிச்சத்தை வெதுவெதுப்பான சோப்பு நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் பார்த்துக்கொள்ளும். அதற்கும் அசையாததை, மேலே சொன்ன ஆல்கஹால் கலவையால் துடையுங்கள். அடுத்த முறை பாலிஷ் போடும்போது, பட்டைகளின் மேல் பெயின்ட்டர் டேப்பை ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இறுகும் வகைப் பூச்சைப் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அடியில் துளி எண்ணெயோ பழைய சிலிக்கோனோ இருந்தாலும் அது பிடிக்காமல் உரிந்து வரும். எனவே முன்பு தடவிய பளபளப்புத் திரவத்தை ஆல்கஹால் கலவையால் முழுக்க எடுத்த பிறகே போட வேண்டும். நல்லபடியாகப் பிடித்தால் பல மாதங்கள் நிற்கும்.

கேள்வி: ரப்பருக்கு வாங்கிய சிலிக்கோன் ஸ்ப்ரேயை வைப்பர், ஸ்டீயரிங், பெடல் எல்லாவற்றிலும் அடிக்கலாமா?

பதில்: கூடாது. ஸ்டீயரிங், பெடல், டயரின் தரையைத் தொடும் பகுதி ஆகியவற்றில் வழுக்கல் என்பது உயிருக்கு ஆபத்து. வைப்பர் ரப்பரில் பட்டால் முன்கண்ணாடி முழுக்க மங்கலான படலம் பரவி, இரவு மழையில் எதிர்வரும் விளக்கொளி சிதறிக் கண்ணை மறைக்கும். வைப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதன் பிறகும் கோடு விழுந்தால் புதியது வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் காருக்குள் கால்விரிப்பு நனைந்துவிடுகிறது. கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினேன். செலவுதான் ஆயிற்றே தவிர, தண்ணீர் நிற்கவில்லை. ரப்பர் தரமற்றதா?

பதில்: ரப்பரின் மேல் பழி போடும் முன், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். நீங்கள் மட்டுமல்ல, தொழில் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தின் பாதி வெளியே தெரியும்படி ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்துக் கதவை மூடுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்து, இழுத்தால் தயங்கித் தயங்கி வர வேண்டும். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. இப்படி ஒரு சாணுக்கு ஓரிடமாகக் கதவைச் சுற்றிவாருங்கள். எல்லா இடத்திலும் தளர்ந்திருந்தால் ரப்பர் நிரந்தரமாகத் தட்டையாகிவிட்டது என்று கொள்ளலாம். மேல் மூலை ஒன்றில் மட்டும் தளர்ந்திருந்தால், கதவு கீல்களில் தொய்ந்திருக்கலாம், அல்லது கதவுப் பூட்டு மாட்டும் கொண்டி இடம் மாறியிருக்கலாம்; அதற்கு ரப்பரை மாற்றிப் பயனில்லை, கதவின் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து நீர்ச் சோதனை. ஒருவர் டார்ச்சோடு காருக்குள் உட்கார, இன்னொருவர் குழாயில் நீரை அழுத்தமில்லாமல் வழியவிட வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும் என்பதே இதில் முக்கியம். முதலில் கதவின் அடிப்பகுதியில் சில நிமிடம், பிறகு நடுப்பகுதி, பிறகு ஜன்னல் மட்டம், கடைசியாகக் கூரை. மேலே தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எங்கே நுழைந்தது என்றே தெரியாது. எந்த மட்டத்தில் உள்ளே முதல் துளி தெரிகிறதோ, அதற்குச் சற்றுக் கீழும் அந்த மட்டத்திலும் தேடினால் போதும்.

கதவு ரப்பர் நன்றாக இருந்தும் நீர் வருகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது கதவின் உட்புறம். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் நீர் இறங்குவது இயல்பானது; கார் அதற்கு ஏற்றபடியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அப்படி இறங்கும் நீர் கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கும்; கதவைத் திறந்து மூடும்போது சலசலவென்று ஓசை கேட்பது அதனால்தான். கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒரு நீர்த்தடுப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போதோ கண்ணாடி மோட்டாரைப் பழுதுபார்க்கும்போதோ அதைக் கிழித்துவிட்டு ஒட்டாமல் விட்டால், நீர் நேராகக் கால்விரிப்புக்கு வந்து சேரும். உங்கள் காரில் அப்படி ஏதேனும் வேலை நடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

வைப்பர்களுக்கு அடியில் உள்ள மூடிக்குள் இலைகள் குவிந்து வடிகாலை அடைத்தாலும், கூரையில் திறப்பு உள்ள கார்களில் அதன் வடிகுழாய் அடைபட்டாலும் இதே விளைவுதான். மழையே இல்லாத நாளிலும் முன்பக்கக் கால்விரிப்பு நனைந்தால் ஏசியின் நீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள். டிக்கி நனைந்தால், டிக்கி ரப்பரோடு பின்விளக்குகளின் பின்னால் இருக்கும் கேஸ்கட்டையும் சந்தேகிக்க வேண்டும்.

எது எப்படியிருந்தாலும் நனைந்த விரிப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதன் அடியிலுள்ள பஞ்சு பல நாட்கள் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து, தரைத் தகட்டில் துரு ஏற்றிவிடும்.

கேள்வி: பவர் விண்டோ கண்ணாடி ஏறும்போது கிறீச்சிட்டுக்கொண்டு மெதுவாக ஏறுகிறது. கிரீஸ் வைக்கச் சொன்னார்கள். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடி ஓடும் ரப்பர்த் தடத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் வெல்வெட்போல் இருக்கும். அந்த மெல்லிய இழைகள்தாம் கண்ணாடியை வழுக்கச் செய்பவை. கிரீஸ் அந்த இழைகளைப் பசைபோல் ஒட்டவைத்து, மணலையும் பிடித்துக்கொள்ளும். பிறகு கண்ணாடி ஏறி இறங்கும்போதெல்லாம் நெடுக்காகக் கீறல் விழும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தட்டையான மெல்லிய குச்சியில் ஈரத்துணியைச் சுற்றித் தடத்துக்குள் விட்டு மேலும் கீழுமாகத் துடையுங்கள். காய்ந்த பிறகு, உலர்ந்துவிடும் வகைச் சிலிக்கோன் ஸ்ப்ரேயை அதன் மெல்லிய குழல் வழியாகத் தடத்துக்குள் மட்டும் சிறிதளவு செலுத்தி, கண்ணாடியை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கண்ணாடியில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால் மோட்டாரையும் கண்ணாடியைத் தூக்கும் அமைப்பையும் பார்க்க வேண்டும். இறுகிய தடத்தோடு போராடவிட்டால் மோட்டாரின் ஆயுள் குறையும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: காருக்குள் இருக்கும் சில பட்டன்களும் கைப்பிடியும் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகின்றன. ரப்பர் உருகுகிறதா?

பதில்: உருகுவது ரப்பர் இல்லை. பிளாஸ்டிக்கின் மேல் தொடுவதற்கு மென்மையாக இருக்கட்டும் என்று பூசப்பட்ட பாலியூரித்தேன் படலம், காற்றின் ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் காலப்போக்கில் சிதைந்து இப்படி ஆகிறது. அதன் மேல் எதைத் தடவினாலும் பிசுபிசுப்பு கூடத்தான் செய்யும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து அந்தப் படலத்தையே எடுத்துவிடுங்கள். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் வரும். பட்டன்களின் மேலுள்ள எழுத்துகள் சில கார்களில் படலத்தோடு சேர்ந்து அழிந்துவிடும் என்பதால், மறைவான ஓரத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா காலத்துப் பழைய கார் ஒன்றைப் பாதுகாத்து வருகிறேன். அதன் கதவு ரப்பர் கல்லாக இறுகி, குறுக்கே வெடித்திருக்கிறது. புதிது கிடைப்பது அரிது என்பதால் பழையதையே மீட்க வழி உண்டா? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் நானே பொருத்தலாமா?

பதில்: அப்பாவின் காரில் அவர் காலத்து ரப்பரே இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: கல்லாக இறுகிய ரப்பரை எந்தத் திரவமும் இளக்காது. ரப்பருக்கு அதன் நெகிழ்வைத் தருவது, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே கந்தகம் பிணைத்து வைத்திருக்கும் அமைப்பு. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தது இந்தப் பிணைப்பைத்தான். பல ஆண்டு வெப்பத்தில் அந்தப் பிணைப்புகள் அளவுக்கு மீறிப் பெருகும்போது ரப்பர் இறுகுகிறது. கூடவே, அதை மென்மையாக வைத்திருந்த எண்ணெய்களும் வெளியேறிவிடுகின்றன. பழைய கார்களில் இயற்கை ரப்பரும் அதையொத்த வகைகளும் பயன்பட்டன. காற்றிலுள்ள மிகச் சிறிதளவு ஓசோன்கூட அவற்றின் சங்கிலிகளை வெட்டிவிடும். நீங்கள் சொல்லும் குறுக்குவெடிப்பு அதன் அடையாளம்: ரப்பர் எந்தத் திசையில் இழுபட்டிருக்கிறதோ அதற்குக் குறுக்காகவே ஓசோன் வெடிப்பு விழும். மூலைகளில் அது அதிகமாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் ரப்பர் வளைந்து இழுபட்டு நிற்கிறது.

ஒட்டுமொத்தமாக இறுகாமல் ஓரிடத்தில் மட்டும் கிழிந்திருந்தால், இரு ஓரங்களையும் ஆல்கஹாலால் துடைத்து, கதவு ரப்பருக்கென்றே விற்கும் கறுப்புப் பசையால் ஒட்டலாம். நொடியில் ஒட்டும் பசை காய்ந்தால் விறைப்பாகிவிடும். கதவு மூடும் அசைவில் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும்.

நகத்தால் ஆழ அழுத்தி எடுத்ததும் ரப்பர் உடனே எழும்பி வந்தால் அதைக் காப்பாற்றலாம். தடம் அப்படியே நின்றால் மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரின் குறுக்குவெட்டுத் துண்டு ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். உப்பலின் உயரம், பிடிக்கும் வாயின் அகலம் இரண்டும் பொருந்தினால் வேறு காருக்கான ரப்பரும் உங்களுக்கு உதவும். உப்பல் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலே கதவு மூடாமல் அடம்பிடிக்கும்.

பொருத்துவதை நீங்களே தாராளமாகச் செய்யலாம். பழைய ரப்பரை எடுத்ததும், அது கவ்வியிருந்த தகட்டு விளிம்பை நன்றாகப் பாருங்கள். துரு இருந்தால் தேய்த்து, ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்து முழுக்கக் காயவிட்ட பிறகே அடுத்த வேலை. புது ரப்பரின் இணைப்பு கதவுச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வரும்படி தொடங்குங்கள். மூலைகளில் முதலில் உட்காரவைத்து, பிறகு நடுப்பகுதிகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கவ்வாத இடத்தில் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டலாம். நீளம் போதாததுபோல் தோன்றினாலும் இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுத்த ரப்பர் சில வாரங்களில் தன் அளவுக்குச் சுருங்கி, இணைப்பிலும் மூலையிலும் வாய் திறந்துவிடும். இழுபட்ட நிலையில் இருந்தால் ஓசோனும் அதை எளிதில் வெட்டும். கடைசியில் வெட்டும்போது அரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, இரு முனைகளும் ஒன்றையொன்று நெருக்கும்படி அழுத்தி, அந்த இடத்தில் மட்டும் பசை வையுங்கள்.

முதல் சில நாட்கள் கதவு பலமாகத் தள்ளினால்தான் மூடும்; அதற்காகக் கொண்டியைத் தளர்த்திவிடாதீர்கள். கதவுகளை மூடியபடி ஓரிரு இரவு நிறுத்தினால் ரப்பர் தன் இடத்துக்குப் படிந்துவிடும். ஒரு வாரம் கழித்துக் காகிதச் சோதனையைச் செய்து பார்த்து, இறுக்கம் எங்கும் சீராக இருந்தால், முதல் சிலிக்கோன் பூச்சை அப்போது போடுங்கள்.